முதல் ரிமோட் கார்: வெட்டுக்கிளி சொல்லும் பாடம்

பிள்ளைக்கு முதல் ரிமோட் கார் வாங்கப் போறீங்களா? வேகத்தைப் பார்க்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் சரித்திரம் பார்த்துடலாம்.

ஜப்பானின் ஷிசுவோக்கா நகரத்து டமியா கம்பெனி, தன் முதல் ரேடியோ காராக போர்ஷே 934-ஐ 1976-ல் கொண்டுவந்தது. புதுசாப் பழகுறவங்களுக்காக 1984-ல் வந்தது 'கிராஸ்ஹாப்பர்', அதாவது வெட்டுக்கிளி. 1/10 அளவு, சின்ன 380 மோட்டார். பெட்டியைத் திறந்தா கார் இருக்காது, பாகங்கள்தான். நாமேதான் பூட்டணும்.

அதுலதான் விஷயமே இருக்கு. பூட்டினவனுக்குக் கழட்டவும் தெரியும். 2005-ல் அதே வண்டியை மறுபடி வெளியிட்டாங்க!

வங்கிக்காரனா ஒண்ணு சொல்றேன்: விலை ஒரு தடவைச் செலவு, ரிப்பேர் தொடர்செலவு. ஒரு பல்சக்கரம் உடைஞ்சா அதை மட்டும் மாத்த முடியுமான்னு கடையில கேளுங்க. முடியாதுன்னா, எவ்வளவு மலிவா இருந்தாலும் அது நஷ்டக்கணக்குதான்.