மலையில் பிறந்து ரோட்டுக்கு வந்த சைக்கிள்

கடையில் ஹைபிரிட் என்று ஒரு சைக்கிளைக் காட்டுவார்கள். ஹேண்டில்பார் மலை சைக்கிள் மாதிரி நேராக இருக்கும். சக்கரமோ ரேஸ் சைக்கிள் மாதிரி பெரிதாக, ஒல்லியாக இருக்கும். ரெண்டுங்கெட்டான் என்று கிண்டல் செய்பவர்களும் உண்டு. இந்த ரெண்டுங்கெட்டான் பிறந்த கதை தெரிந்தால், கையில் இருக்கும் கொஞ்சப் பணத்துக்கு எதை வாங்குவது என்பது பாதி புரிந்துவிடும்.

1970களில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மரின் கவுண்டி. அங்கே டமால்பைஸ் என்றொரு மலை. அந்தப் பக்கத்து இளைஞர்கள் 1930, 40களில் ஷ்வின் கம்பெனி செய்த தடித்த டயர் சைக்கிள்களை அடிமாட்டு விலைக்கு வாங்கி, மண்பாதையில் தலைதெறிக்க இறங்கினார்கள். 1976 அக்டோபர் 21-ல் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே முதல் போட்டி. இரண்டு மைல் தூரம்கூட இல்லை, இறக்கம் மட்டும் சுமார் 1,300 அடி! பின்சக்கர ஹப்புக்குள் இருந்த பிரேக் சூடேறி, கிரீஸ் புகைந்தே போய்விடும். கீழே வந்ததும் ஹப்பைக் கழற்றிப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்துவிட்டது.

பழைய இரும்பு தாங்கவில்லை. ஜோ பிரீஸ் மலைக்கென்றே தனி ஃபிரேம் செய்தார். 1979-ல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும், டாம் ரிச்சி செய்த ஃபிரேம்களை வைத்து விற்பனைக்கு இறங்கினார்கள். விலை ஆயிரம் டாலருக்கு மேல். யார் வாங்குவது? 1981-ல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி ஜப்பானில் செய்து வாங்கி, 750 டாலருக்கு 'ஸ்டம்ப்ஜம்பர்' என்று விற்றது. அதன் பிறகுதான் மலை சைக்கிள் சாதாரண கடைகளுக்கு வந்தது.

வேடிக்கை என்னவென்றால், வாங்கியவர்களில் பலர் மலைப்பக்கமே போகவில்லை. ஆபீசுக்கும் கடைக்கும்தான் ஓட்டினார்கள். நிமிர்ந்து உட்காரலாம், கியர் உண்டு, பிரேக் நன்றாகப் பிடிக்கும். ஆனால் தார் ரோட்டில் அந்த முரட்டு டயர் ஆளை இழுத்துப் பிடித்தது. 1980களின் கடைசியில் கம்பெனிகள் அதே உடம்பில் ரேஸ் சைக்கிளின் 700சி சக்கரத்தை மாட்டின. அதுதான் ஹைபிரிட்.

விலை இறங்கியதற்கு இன்னொரு காரணம் தைவான். 1980-ல் ஷ்வினின் சிகாகோ தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் நடந்தபோது, 1972-ல் தொடங்கிய ஜயன்ட் கம்பெனிதான் சைக்கிள் செய்து கொடுத்தது. அப்படியே சொந்தப் பெயரிலும் விற்று வளர்ந்தது. ஷ்வின் 1992-ல் திவாலானது. வேலையை வெளியே கொடுத்தவன் கவிழ, செய்து கொடுத்தவன் முதலாளி ஆனான்.

நம் ஊர்க் கதையும் கொஞ்சம். 1949-ல் தொடங்கிய அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ், 2011-ல் மோன்ட்ரா என்ற பெயரில் இந்த வகைக்கு வந்தது.

இனி பட்ஜெட். 1989-ல் ராக்‌ஷாக்ஸ் முன்பக்க சஸ்பென்ஷனைக் கொண்டு வந்தது மலைப் பந்தயத்துக்காக. அதைப் பார்த்துச் செய்த மலிவான ஸ்பிரிங் ஃபோர்க்குகள் பின்னாளில் ஹைபிரிட்டிலும் ஏறிக்கொண்டன. பார்க்க கெத்தாக இருக்கும், ஆனால் கனம்! விலை கூடக்கூடாது என்றால், அந்தச் செலவை ஹப்பிலோ பிரேக்கிலோதான் கழிப்பார்கள். முதல் சைக்கிள் வாங்குபவருக்குச் சாதாரண ஃபோர்க், 1996-ல் ஷிமானோ கொண்டு வந்த வகை வி-பிரேக், கொஞ்சம் அகலமான டயர், இவை போதும். கியர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். முதலில் ஃபிரேமுக்கு மேல் காலை அகட்டி நின்று பாருங்கள். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதியாவிட்டால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.