பைக்குள் அடங்கிய தேயிலை

நூலிற் கட்டிய சிறு கடதாசிப் பையொன்று கோப்பைக்குள் இறங்குகின்றது. வெந்நீர் செந்நிறம் பெறுகின்றது. இத்துணை எளிய செயலுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

தேயிலைப் பை தற்செயலாகத் தோன்றியது என்பர். நியூயோர்க் வணிகர் தோமஸ் சலிவன் 1908 ஆம் ஆண்டளவில் மாதிரித் தேயிலையைப் பட்டுப் பைகளில் அனுப்பினார் என்றும், வாடிக்கையாளர் பையைப் பிரியாமலே வெந்நீரில் இட்டனர் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. கதை சுவையானதே. ஆயின் 1901 இலேயே அமெரிக்காவின் மில்வோக்கி நகரைச் சேர்ந்த றோபேட்டா லோசன், மேரி மக்லாரன் என்னும் பெண்மணிகள் இருவர் பருத்தி வலைப் பை ஒன்றுக்குக் காப்புரிமை கோரினர். 1903 இல் அதனைப் பெற்றனர். ஒரு கோப்பை தேநீருக்காகக் கேத்தல் நிறையத் தேயிலையை ஊறவைத்து, எஞ்சியதை ஆறிப் பழசாகவிடும் வீண்செலவைத் தவிர்ப்பதே அவர்தம் நோக்கம்.

துணிக்குப் பின் கடதாசி வந்தது. 1949 இல் ஜேர்மனியரான அடோல்ப் றம்போல்ட் இரட்டை அறைப் பையை விரைவாக மடிக்கும் இயந்திரத்தை அமைத்தார். நீர் இருபுறமும் புகுந்து செல்ல இது வழிசெய்தது. 1953 இல் ரெட்லி நிறுவனம் தேயிலைப் பையைப் பிரித்தானியாவில் அறிமுகஞ் செய்தது.

பைக்குள் இருப்பது பெரும்பாலும் நுண்ணிய தூளே. இலை சிறிதாக உடையுந்தோறும் நீர் படும் பரப்பு பெருகுகின்றது. சாயமும் சாரமும் விரைந்து இறங்குகின்றன. ஆதலின், தூளென்று அதனை இகழ்தல் பொருந்தாது. பிழை பெரும்பாலும் ஊற்றும் முறையிலேதான். நீர் புதிதாகக் கொதித்ததாக இருத்தல் வேண்டும். கோப்பையை முன்னரே வெந்நீரால் அலசிச் சூடாக்குதல் நன்று. பையின்மேல் நீரை ஊற்றி, மூடி, மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை வைத்தல் வேண்டும். பாலை முதலில் ஊற்றினால் நீரின் வெப்பந் தணிந்து சாரம் குறையும். பையைப் பிழிந்தெடுத்தாற் கசப்பும் துவர்ப்பும் மிகும். எஞ்சிய பைகளை ஈரமும் பிற மணமும் அணுகாத மூடிய தகரத்தில் வைத்தல் வேண்டும்.

இலங்கையில் ஜேம்ஸ் ரெயிலர் 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். அன்று தொட்டு மலைநாட்டில் கொழுந்து கொய்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் வழித்தோன்றல்களுமாவர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது.

பையொன்றில் ஏறத்தாழ 2 கிராம் தேயிலை அடங்கும். அதற்கு 9 கிராம் அளவு பச்சைக் கொழுந்து வேண்டும். அருந்துவோரின் நேரத்தைப் பை மிச்சப்படுத்தியது. கூடை சுமந்து சரிவேறும் பெண்ணின் நேரத்தை அது மிச்சப்படுத்தவில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து இன்றும் பெரும்பாலும் கையாலேயே கொய்யப்படுகின்றது. அந்த உழைப்பை அரைகுறைச் சூட்டு நீரில் வீணாக்காமல், ஐந்து நிமிடம் பொறுத்து அருந்துதல் அதற்குச் செய்யும் மிகச் சிறிய மரியாதையாகும்.