கலத்தலும் கலப்படமும்

திருப்பலியில் காணிக்கை நேரத்தில் பீடத்திற்கு இரு சிறு குடுவைகள் கொண்டுவரப்படுகின்றன. ஒன்றில் தண்ணீர், மற்றொன்றில் திராட்சை இரசம். தண்ணீர் நம் ஊருடையது. இரசமோ தொலைவிலிருந்து வருவது. மக்காச்சோளமும் மரவள்ளியும் கரும்பும் விளையும் சின்னசேலத்துப் பக்கத்தில் திராட்சைப் பந்தலைக் கண்டவர் அரியர். அந்த இரசம் எந்த ஆண்டின் அறுவடை என்று நாம் கேட்பதில்லை. ஓர் ஆண்டின் இரசத்தோடு வேறோர் ஆண்டின் இரசத்தைக் கலந்து வைப்பது உலகில் பழைய வழக்கம். அவ்வழக்கத்தின் வரலாறு நம் பகுதியின் மறைப்பணி வரலாற்றையும் ஓரிடத்தில் வந்து தொடுகிறது.

சிவப்புத் திராட்சை இரசத்தைப் பல ஆண்டுகளிலிருந்து சேர்த்துக் கலக்கும் கலைக்குப் பெயர்பெற்ற இடம் போர்ச்சுக்கல் நாட்டின் வடபகுதியிலுள்ள டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கு. ‘போர்ட்’ என வழங்கும் இரசம் அங்குதான் பிறக்கிறது. பிழிந்த சாறு நொதித்து வருகையில், இனிப்பு முற்றும் மறையுமுன், திராட்சையிலிருந்தே வடித்த சாராயத்தைச் சேர்த்து நொதிப்பை நிறுத்திவிடுவர். பின்னர் அது மரப் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் உறங்கும். மரத்தின் நுண்துளைகள் வழியே ஆண்டுதோறும் சிறிது ஆவியாகிப் போகும். அதனை ‘வானதூதர்களின் பங்கு’ என்பர் பிரெஞ்சுக்காரர். செந்நிறம் மெல்ல மெல்லப் பழுப்பாகும்.

மழை மிகுந்த ஆண்டில் சாறு நீர்த்துப்போகும். வெயில் மிகுந்த ஆண்டில் இனிப்பு கூடிப் புளிப்புக் குன்றும். ஓர் ஆண்டின் குறையை மற்றோர் ஆண்டின் நிறைவு ஈடுசெய்ய வேண்டும். இளைய இரசம் பழத்தின் மணத்தைத் தரும். முதிய இரசம் ஆழத்தைத் தரும். கலப்பவர் முன்னைய கலவையின் மாதிரியை அருகில் வைத்துக்கொண்டு, முதலில் சிறு அளவில் கலந்து சுவைத்துப் பார்ப்பார். பொருந்திய பின்னரே பெருந்தொட்டியில் கலந்து, ஒன்றோடொன்று இசையும்வரை காத்திருப்பார். புட்டியின்மேல் 10, 20, 30, 40 ஆண்டு என்று பொறிக்கிறார்கள். அதன் ஒவ்வொரு துளிக்கும் அத்தனை வயது என்பது பொருளன்று. அந்த வயதுக்குரிய குணம் கலவையில் அமைந்துள்ளது என்பதே பொருள். சுவைத்துப் பார்க்கும் குழுவொன்று ஏற்ற பின்னரே அவ்வெண்ணைப் பொறிக்க இயலும்.

நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிய செய்தியன்று. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் புதுப்புளியோடு பழம்புளியையும் சேர்த்துக் கரைப்பவர்கள் அவர்கள். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி உறைமோர் எடுத்து இன்றைய பாலில் விடுபவர்களும் அவர்களே. பழையது புதியதை வழிநடத்துகிறது. புதியது பழையதை வாழவைக்கிறது.

ஆனால் கலக்கும் கை எப்போதும் நேர்மையான கையாக இருப்பதில்லை. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் டோரோ இரசத்திற்கு இங்கிலாந்தில் பெருங்கிராக்கி இருந்தது. ஆசை கொண்டோர் நீர்த்த இரசத்திற்கு நிறம் ஏற்ற, எல்டர் என்னும் புதர்மரத்தின் கருங்கனிச் சாற்றைக் கலந்தனர். இரசத்தின் பெயர் கெட்டது, விலை வீழ்ந்தது. அப்போது போர்ச்சுக்கலில் ஆட்சி நடத்திய அமைச்சர், பின்னாளில் பொம்பால் பிரபு எனப்பட்டவர், 1756இல் ஒரு வணிகக் கம்பெனியை நிறுவிப் பள்ளத்தாக்குக்கு எல்லை வகுத்தார். எல்டர் மரங்களை வேரோடு பிடுங்கவும் ஆணையிடப்பட்டது. கலப்படத்தைத் தடுத்த அளவில் அது நல்ல சட்டம்.

ஆயினும் கம்பெனியின் தனியுரிமை எளிய மதுக்கடைக்காரரின் பிழைப்பைப் பறித்தது. 1757இல் போர்ட்டோ நகரில் கலகம் மூண்டது, பலர் தூக்கிலிடப்பட்டனர். பழியின் ஒரு பகுதி இயேசு சபைக் குருக்கள்மீது போடப்பட்டது. கம்பெனியின் இரசம் திருப்பலிக்கு உதவாது என்று அவர்கள் மக்களிடம் பரப்பினர் என்பதும் அவர்கள்மேல் சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று. இரசத்தில் அயற்பொருள் கலக்கலாகாது என்று சட்டமிட்ட கையே, நீதியில் பகையைக் கலந்தது. 1759இல் போர்ச்சுக்கல் ஆட்சிப் பகுதிகளிலிருந்து இயேசு சபையார் நாடு கடத்தப்பட்டனர். வேறு அரசுகளும் அவ்வழியைப் பின்பற்றின. 1773இல் திருத்தந்தை 14ஆம் கிளமெந்து அச்சபையையே கலைத்தார்.

இதன் விளைவு நம் மண்ணில் விழுந்தது. தத்துவபோதகரும் அருளானந்தரும் வீரமாமுனிவரும் உழைத்த தமிழக மறைப்பணித் தளங்களுக்குப் புதிய குருக்கள் வருவது நின்றது. மூத்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்தனர். பல ஊர்களில் உபதேசியார்களே செபங்களைச் சொல்லிக்கொடுத்து விசுவாசத்தைக் காத்தனர். 1776இல் புதுச்சேரி மறைப்பணி பாரிசு வேதபோதக சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த வழியில் வளர்ந்ததே 1886இல் உயர்மறைமாவட்டமாகி, இன்று புதுவை-கடலூர் எனப் பெயர் தாங்கும் நம் தலத்திருச்சபை. பழைய தென்னார்க்காட்டுச் சீமையின் விசுவாசமும் ஒரே பருவத்தின் விளைச்சலன்று. இயேசு சபையார் விதைத்த ஆண்டுகள், குருவில்லாத வறண்ட ஆண்டுகள், பிரெஞ்சுக் குருக்களின் ஆண்டுகள், நம்மவரே மேய்ப்பரான ஆண்டுகள் ஆகிய எல்லாம் அதில் கலந்துள்ளன. வறண்ட ஆண்டைக் கொட்டிவிடாமல் காத்தவர்கள் பெயர் தெரியாத அந்த உபதேசியார்களே.

திருச்சபை இரசத்தைப் பற்றி என்ன கேட்கிறது? 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 924ஆம் பிரிவு, அது திராட்சைக் கனியின் இயற்கை இரசமாகவும் கெடாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. கெடாமலிருக்கச் சாராயம் சேர்ப்பதைப் பற்றித் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் காலத்தில், 1896இல், விளக்கம் தரப்பட்டது. சேர்க்கப்படுவது திராட்சையிலிருந்தே பெறப்பட்டதாகவும் அளவு மீறாததாகவும் இருத்தல் வேண்டும். ஒரே ஆண்டின் இரசமாக இருக்க வேண்டும் என்ற விதி எங்குமில்லை. ஆண்டுகள் கலக்கலாம்; அயற்பொருள் கலக்கலாகாது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருந்துகொண்டு இதனை எழுதுகையில் கை நடுங்குகிறது. 2024 ஜூன் மாதம், சின்னசேலத்திற்கு அருகிலேயே, கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றாடம் கூலிக்குச் செல்பவர்கள் பலர். தாயையும் தந்தையையும் ஒருங்கே இழந்த பிள்ளைகளும் உண்டு. மெத்தனால் பார்வைக்கும் தண்ணீர் போன்றதே. உடலுக்குள் அது நஞ்சாக மாறிக் கண்ணை அவித்து உயிரைக் குடிக்கிறது. வாங்கியவருக்கு அதில் என்ன கலந்திருக்கிறது என்பது தெரியாது. கலந்தவர் சொல்லவுமில்லை.

இங்கேதான் இரு சொற்களும் பிரிகின்றன. நல்லதோடு நல்லதைச் சேர்த்து, சேர்த்ததை வெளிப்படச் சொல்வது கலத்தல். தீயதைச் சேர்த்து, சேர்த்ததை மறைப்பது கலப்படம். பால் வியாபாரத்திலும் சரி, பங்குக் கணக்கிலும் சரி, நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் சொல்லிலும் சரி, இந்த அளவுகோல் ஒன்றே. எதைக் கலந்தோம் என்று கேட்போர் முன் சொல்லத் தயங்கினால், அங்கே கலப்படம் தொடங்கிவிட்டது.

3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கார்த்தேசு ஆயர் புனித சிப்ரியான், திருக்கிண்ணத்தில் இரசம் கிறிஸ்துவையும் தண்ணீர் மக்களையும் குறிப்பதாக விளக்கினார். கலந்தபின் இரண்டையும் பிரிக்க இயலாது. அடுத்த ஞாயிறு குருவானவர் அத்துளித் தண்ணீரை விடும்போது நாம் உற்று நோக்குவோம். அது நம் ஊர்த் தண்ணீர். அதில் உபதேசியார்களின் வியர்வையும் கருணாபுரத்துப் பிள்ளைகளின் கண்ணீரும் கலந்திருக்கின்றன. அவற்றோடு நாம் சேர்ப்பது தூயதாக இருக்கட்டும்.