விலா எலும்பும் பொய்க் கணக்கும்

பசியில் இலைகளைத் தின்ற முன்னூறு ஸஹாபாக்களுக்குக் கடல் ஒரு பெரும் மீனை எறிந்து கொடுத்த வரலாறு ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. அன்பர் என்ற அந்த மீனின் விலா எலும்பை நட்டு நிறுத்தினார் அபூ உபைதா (ரழி). அதன் அடியால் ஒட்டகமும் ஆளுமாகப் போனார்கள். ஓதப்பள்ளியில் லெப்பை சொல்லித் தந்த அந்த உயரம் எனக்குக் கண்ணால் விளங்கியது கொழும்பு நூதனசாலையில். 1894இல் அம்பலாங்கொடையில் ஒதுங்கிய நீலத்திமிங்கிலத்தின் எலும்புக்கூடு அங்கே இருக்கிறது.

திமிங்கிலத்தின் சரித்திரம் பெரும்பாலும் எலும்பை வைத்து எழுதப்பட்டதுதான். கருங்கடல் பக்கத்தில் கிடைத்த எலும்புகளுக்கு 1843இல் பிராண்ட் என்பவர் சீட்டோதேரியம் என்று பெயர் வைத்தார். பல்லில்லாமல், மேல்தாடைச் சல்லடையால் இரை வடித்த இனம். நமது கரைவலைத் தோணியை விடச் சிறியது. ஏறத்தாழ ஒரு கோடி வருடங்களுக்கு முன் வாழ்ந்து, அழிந்துபோனது. பதினாறு வருடம் கழித்து, 1859இல், கல்கத்தா ஆசியச் சங்க நூதனசாலையில் இருந்த எட்வர்ட் பிளைத், அரக்கான் பக்கத்தில் ஒதுங்கியதன் எலும்புகளைப் பார்த்து நமது கடல் நீலத்திமிங்கிலத்துக்கு இண்டிகா என்று பெயரிட்டார். இது அழியவில்லை. தென்துருவத்துக்கும் போவதில்லை, வருடம் முழுக்க வட இந்து சமுத்திரத்திலேயே மேய்கிறது. மார்ச், ஏப்ரலில் திருகோணமலைக்கு வெளியே மூச்சு விடுவதைப் பார்க்கலாம்.

அழியாததற்கு நாம் காரணமில்லை. 1960களில் சோவியத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் இந்தச் சமுத்திரத்தின் வடபாகத்தில் 1,200க்கும் மேற்பட்ட நீலத்திமிங்கிலங்களைக் கொன்றன. சர்வதேசத் திமிங்கில வேட்டைக் குழுவுக்கு அனுப்பிய கணக்கோ பொய். 1990களில் ரஷ்ய விஞ்ஞானி யாப்லொகோவ் உண்மைக் கணக்கை வெளியிட்ட பிறகுதான் உலகத்துக்கே தெரியும். வாப்பாமார் தோணி தள்ளிய அதே காலம் அது! கரையில் ஒரு காக்கைக்கும் தெரியாது.

1979இல் இந்து சமுத்திரம் திமிங்கிலச் சரணாலயமானது. 1982இல் டூலிப் என்ற பாய்க்கப்பல் ஆராய்ச்சிக்கு வந்தது. பிறகு யுத்தம், கிழக்குக் கடலில் எட்டிப் போகவே பயம்.

இப்போது நமது கரையில் திமிங்கிலம் ஒன்று ஒதுங்கினால், நாற்றம் தாங்காமல் பெக்கோவைக் கொண்டுவந்து புதைப்பதுதான் வழக்கம். புதைக்கட்டும். இடத்தை மட்டும் குறித்து வைத்தால் சதை உக்கிய பிறகு தோண்டலாம். எலும்புக்கூட்டை நிறுத்தி வைக்க ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, வளவும் பெரிது. கொழும்புக்கு ஏன் அனுப்ப வேண்டும்?