பலா மலை மரமா? கிள்ளைக் கழியோரத்திலிருந்து ஒரு மறுவாசிப்பு

சங்கப் பாடல்களில் பலா குறிஞ்சியின் மரம். உழவர் உழாமலே பறம்பு மலை தரும் நான்கு விளைவுகளில் ஒன்றாகப் பலாப்பழத்தைக் கபிலர் புறநானூறு 109இல் எண்ணுகிறார். குறுந்தொகை 18இல் தலைவனின் மலைநாட்டுக்கு வேர்ப்பலாவே அடையாளம். குற்றாலத்துக் குறும்பலாவுக்குச் சம்பந்தர் தனிப்பதிகம் பாடினார். இத்தனையையும் படித்த நமக்குப் பலா என்றதும் மலைச்சாரல் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் இன்று பலாவுக்குப் பேர்போன பண்ருட்டியைச் சுற்றி ஓங்கிய மலை கிடையாது.

மனிதர் நட்டதால் மரம் சமவெளிக்கு இறங்கியது என்று விடை சொல்லிவிடலாம். அந்த விடை எனக்குப் போதவில்லை. இறங்கிய மரம் அதே கடலூர் மாவட்டத்துக் கிள்ளையில் ஏன் தோப்பாகவில்லை?

பண்ருட்டி, நெய்வேலி வட்டாரம் செம்மண் மேடு. நிலவியலார் ‘கடலூர் மணற்கல்’ என்று பெயரிட்ட பாறை அடுக்கின் மேல் அது கிடக்கிறது. பெய்த மழை தேங்காமல் உள்ளே இறங்கிவிடும். பலாவுக்கு வேண்டியது அதுதான். வேரடியில் நீர் நின்றால் மரம் பட்டுப்போகும். பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் 1992இல் வெளியிட்ட ‘பாலூர் 1’ இரகமும் பண்ருட்டிக்கு அருகிலுள்ள பணிக்கன்குப்பத்து நாட்டுப் பலாவிலிருந்து தேர்ந்தெடுத்ததே. கிள்ளையோ வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தாழ்நிலம். பிச்சாவரத்து உப்பங்கழியில் சுரபுன்னை செழிக்கும். சிதம்பரத்துக்குப் பெயர் தந்த தில்லை மரமும் வளரும். பலாவுக்கு அங்கே பிழைப்பில்லை.

வங்கதேசமும் இதையே காட்டுகிறது. பலா அந்நாட்டின் தேசியப் பழம். நாட்டின் பெரும்பகுதி வண்டல் சமவெளி. ஆயினும் பலாவுக்குப் பேர்பெற்ற காசிப்பூர், வெள்ளம் எளிதில் ஏறாத செம்மண் மேட்டில் இருக்கிறது. ஆகவே கபிலர் கண்ட மரத்துக்கு மலையின் உயரத்தைவிட அதன் வடிகாலே உயிர்நிலை என்பது என் துணிபு.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய தானே புயல் பண்ருட்டிப் பகுதியில் பலாவையும் முந்திரியையும் தோப்புத் தோப்பாகச் சாய்த்தது. சமவெளி பலாவுக்கு ஏற்ற இடமென்றால் இந்த அழிவு எப்படி? மண் பொருந்தினாலும், கடற்காற்றை மறிக்க அங்கே மலையில்லை. தலைமுறையாய்க் காய்த்த மரங்களை ஒரே இரவில் இழந்தவர்களின் துயரத்தை இழப்பீட்டுத் தொகையால் அளக்க முடியாது.

மரம் வராத கிள்ளைப் பக்கத்துக்குப் பழம் வருகிறது. கோடையில் வண்டியில் வந்திறங்கும். கையில் நல்லெண்ணெய் தடவிப் பாலை விலக்கிச் சுளை எடுப்பார்கள். கொட்டையை எறிவதில்லை. நிழலில் உலர்த்தி, கத்தரிக்காயோடு கருவாட்டுக் குழம்பில் போடுவார்கள். பூவும் புள்ளும் நிலம் மாறி வரலாம் என்று தொல்காப்பியர் இடம் கொடுத்தார். செம்மண் மேட்டுக் கொட்டையும் நெய்தல் கருவாடும் ஒரே சட்டியில் கொதிப்பதையும் திணைமயக்கமாகவே படிக்கலாம். உணவு வரலாறு எழுதுவோர் இச்சட்டியை இன்னும் கூர்ந்து பார்க்கவில்லை என்பதே என் குறை.