தடித்த நாக்கும் தடைப்பட்ட மூச்சும்

வகுப்பில் தூங்கி வழிந்த ஒருவனைச் சோம்பேறியென்று நான் கடிந்ததுண்டு. அந்நினைவு உறுத்தவே இவ்வரலாற்றைக் கூறுகிறேன்.

1873-இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் கல், சோர்ந்து முகம் உப்பிய பெண்கள் சிலரை ஆராய்ந்து, அவர்தம் நாக்கு தடித்திருந்ததையும் குறித்து வைத்தார். கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி குன்றியதே காரணமென்று 1888-இல் அந்நகர மருத்துவக் குழுவொன்று முடிவு கண்டது. 1891-இல் ஜார்ஜ் மர்ரே, செம்மறியாட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி வழியே செலுத்தி நோயாளி ஒருத்தியைத் தேற்றினார்; அவள் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தாள்!

ஆயின், உறக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நிற்பதைப் பிரெஞ்சு, ஜெர்மானிய ஆய்வாளர்கள் கருவிகொண்டு பதிவு செய்தது 1965-இல்தான். சுரப்புக் குறைவால் நாக்கு பெருத்து, தொண்டைத் தசை தளர்ந்து, மூச்சுவழி நெருக்குண்ணும் என்பது பின்னரே தெளிவாயிற்று. தைராய்டு மருந்தால் சிலருக்கு அவ்வடைப்பு நீங்குகிறது, மற்றவர்க்கு எஞ்சுகிறது.

அம்மாணவன் இரவில் குறட்டை விட்டானா என்று அவன் தாயை நான் கேட்டதேயில்லை.