சின்னாளபட்டி உணர்த்தும் பாடம்

பிணியாளன், மருத்துவன், மருந்து, துணைநிற்போன் என மருத்துவத்தை நாற்கூறாக வகுத்தார் திருவள்ளுவர். அந்நான்கனையும் இணைப்பது நம்பிக்கையே என்பதற்கு நம் திண்டுக்கல் வட்டாரமே சான்றாம்.

கொள்ளைநோயால் இளமையிலேயே கணவரை இழந்த டி. எஸ். சௌந்தரம் அம்மையார், தில்லியில் மருத்துவம் பயின்று 1936-இல் பட்டம் பெற்றார். 1947-இல் சின்னாளபட்டியருகே காந்திகிராமம் கண்டார். இரண்டு படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவப்பணி, கஸ்தூரிபா மருத்துவமனையாய் வளர்ந்தது. கிராமப் பெண்களையே செவிலியராகப் பயிற்றுவித்தால், தம்மவர் கையென்று தாய்மார் அஞ்சாது வருவர். எக்குலத்தாரையும் ஒருபடித்தாய் நோக்குமிடத்தன்றோ நம்பிக்கை வேரூன்றும்?

நம் மரபினருள்ளும் சிலர், மருத்துவரின் குலம் வினவியும், பிறரோடு வரிசையில் நிற்க நாணியும் பிணியை முற்றவிடுதல் கண்டு யாம் வருந்தியதுண்டு. அன்பர்காள்! சமமாய் நடத்தப்பெறுதலை உரிமையெனக் கேட்கும் நாம், சமமாய் நிற்கவும் கற்போமாக.